வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கல்ச்சர் முடிவு மூன்றாம் நாள் வருவது பற்றி

அன்புடையீர், வணக்கம்.

சிறுநீர் கல்ச்சருக்கு நம் ஆய்வகம் மூன்று நாள் இழுத்தடித்து, கடைசியில் மாதிரியை மறுபடியும் கேட்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். “வேறிடத்தில் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள்” என்ற அதன் கடைசி வரிதான் எங்களை மிகவும் வருத்தியது. ஒரு மணி நேரத்தில் கொடுத்தது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையாகத்தான் இருக்க முடியும். அதில் சீழ் அணுக்கள் தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது தெரியாது.

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. குறிப்பிட்ட அளவு மட்டும் எடுக்கும் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, கிருமி வளர்வதற்கான சத்துக்கூழ் நிரப்பிய அகார் தட்டில் இழுத்து, 37 டிகிரி இன்குபேட்டரில் இரவு முழுக்க வைக்கிறோம். மறுநாள் புள்ளி புள்ளியாக எழும்பியிருப்பவற்றை எண்ணி, ஈ.கோலையா, கிளெப்சியெல்லாவா என்று இனம் கண்டு, முல்லர் ஹிண்டன் என்ற இன்னொரு வகை அகாரில் பரப்பி, ஆன்டிபயாட்டிக் வில்லைகளை வைத்து இன்னும் ஓர் இரவு காத்திருக்கிறோம். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறுமையாக நிற்கும் வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்த பிறகே அறிக்கை எழுத முடிகிறது. அதட்டினால் கிருமி அவசரமாக வளர்ந்துவிடாது.

மறு மாதிரி கேட்பதும் காசுக்காக அன்று. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட மாதிரி எப்படி வந்தது என்பதை வெளியில் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்பதால் பொதுவாகவே எழுதுகிறோம். வீட்டில் கழுவிக் காயவைத்த டானிக் பாட்டிலில் காலையில் பிடித்து, மதியம் வரை பையில் வைத்திருந்து கொண்டுவந்தால், தோலிலிருந்து கலந்த கிருமிகளும் பெருகிவிடுகின்றன. ஏற்ற சூட்டிலும் சத்திலும் ஈ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் 64 ஆகிவிடும். மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிகள் என்ற எண்ணிக்கையைத் தொற்றின் அடையாளமாகக் கொள்ளும்போது, இப்படிப் பெருகியதை நம்பி எழுதினால் தேவையில்லாத மருந்தை நோயாளி விழுங்க நேரும். பல வகை கலந்து வளர்ந்த தட்டைப் பார்த்து ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுப்பது எளிது. அதை நாங்கள் செய்வதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் மாதிரி வாங்கும்போதே சொல்லாமல், தொலைபேசியில் “இன்னும் வளரவில்லை, நாளை வாருங்கள்” என்று மட்டும் பதில் சொன்னது எங்கள் பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

செய்தி பரவிய பிறகும் வழக்கம்போல வந்தவர்களுக்கும், “நாங்கள் உங்களிடம்தான் பார்க்கிறோம்” என்று கவுன்டரில் நின்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தட்டுகளும் வில்லைகளும் விலை ஏறியதாலும், டெக்னீசியன் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்டதாலும், வரும் மாதத்திலிருந்து கல்ச்சர் கட்டணம் 150 ரூபாய் கூடுகிறது. மாலை 4 மணிக்குப் பின்னும் ஞாயிறன்றும் கல்ச்சர் மாதிரி வாங்க இயலாது.

கிருமி நீக்கிய டப்பாவை முந்தின நாளே கவுன்டரில் இலவசமாக வாங்கிச் செல்லலாம். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன், முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக உரிமையாளர்