விளையாட்டுப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கு,

வணக்கம். 2004-இல் வந்த 'மிராக்கிள்' படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். 1980 பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரிப் பையன்களைக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி சோவியத் யூனியனை 4-3 என்று ஜெயித்தது. 1964-இலிருந்து 1976 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வாங்கிய அணி அது. முடிவு எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கடைசிப் பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அது எப்படி நடக்கிறது என்று யோசித்தால், எனக்கு அந்த நார்வே இரவுதான் நினைவுக்கு வருகிறது. நார்வேயோடு ஆடிய ஆட்டம் 3-3 என்று டிரா. பையன்கள் அலட்சியமாக ஆடியதாகப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் நினைக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அவர்களை ஐஸிலேயே நிறுத்திவைத்து, கோட்டுக்குக் கோடு ஓடவிடுகிறார். விசில், ஓட்டம், திரும்பவும் விசில். அரங்கத்தின் விளக்கை அணைத்த பிறகும் நிறுத்தவில்லை. இது கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்தது. இயக்குநர் கேவின் ஓ'கானர் அந்தக் காட்சியை அவசரப்படாமல் நீளவிட்டிருக்கிறார். நமக்கே கால் கடுக்கிறது. நீங்கள் பயிற்சியை ஒரு பாட்டுக்குள் முடித்துவிடுகிறீர்கள். பாட்டு தொடங்கும்போது தடுமாறும் அணி, முடியும்போது தயாராகிவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பார்க்கிறவருக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.

இன்னொன்று, ஆட்டக்காரர்கள். இந்தப் படத்துக்கு ஸ்கேட்டிங் தெரியாத நடிகர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கவில்லை. ஹாக்கி ஆடத் தெரிந்த பையன்களைத் தேடி நடிக்கவைத்தார்கள். அந்த 1980 அணியில் ஆடிய பஸ் ஷ்னைடராக நடித்திருப்பவர் அவருடைய சொந்த மகன் பில்லி. அதனால்தான் மோதல்களில் எடை இருக்கிறது. முகத்துக்காக ஒருவரை எடுத்து, உடம்பை டூப்பிடம் விட்டால் இது கிடைக்காது.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் அணி இந்தப் படத்தில் வெறும் சிவப்புச் சட்டைகளாகவே வந்துபோகிறது. முதல் பகுதி முடிய ஒரு நொடி இருக்கும்போது அமெரிக்காவின் மார்க் ஜான்சன் கோல் போட்டு ஆட்டத்தை 2-2 ஆக்குகிறார். உடனே சோவியத் பயிற்சியாளர் டிகோனவ், உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பராக மதிக்கப்பட்ட டிரெட்யாக்கை வெளியே உட்காரவைக்கிறார். அந்த முடிவு தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து மீதி ஆட்டத்தைப் பார்த்த அந்த மனிதனின் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்? அங்கே ஒரு முழுக் காட்சி காத்திருந்தது. அன்று சோவியத் அணி கோலை நோக்கி அடித்தது 39 தடவை, அமெரிக்கா 16 தடவைதான். இவ்வளவு நன்றாக ஆடியவர்களை முகமில்லாமல் விட்டால், ஜெயித்தவர்களின் உழைப்பும் சேர்ந்துதான் சிறுத்துப்போகிறது. உங்கள் படத்தில் எதிரணிக்கும் ஒரு முகம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். 1960-இல் அமெரிக்கா தங்கம் வென்ற ஒலிம்பிக்குக்குச் சற்று முன்புதான், ஆட்டக்காரராக இருந்த புரூக்ஸ் அணியிலிருந்து நீக்கப்பட்டார். இருபது வருடம் கழித்து அவருடைய பையன்கள் ஜெயிக்கும்போது, படத்தில் அவர் கொண்டாட்டத்தில் சேரவில்லை. தனியாக நடைவழிக்குப் போய் நிற்கிறார். அவர் முகமாக மாறியிருக்கும் கர்ட் ரஸ்ஸல் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நிஜ புரூக்ஸ் 2003 ஆகஸ்டில், படம் வெளிவருவதற்கு முன்பே, கார் விபத்தில் இறந்துவிட்டார். அந்த நடைவழிக் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம், உங்கள் அடுத்த படத்தில் கோப்பையைத் தூக்கும் காட்சிக்கு முன்னால் அப்படி ஒரு நிமிடத்துக்கு இடம் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்