விசாகப்பட்டினம் பயணம்: ஞாயிறு மாலை குர்சுரா

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை ஞாயிறு மாலையே பார்த்துவிடலாம். ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல் மேலேயே நிற்கிறது, தேட வேண்டியதில்லை.

1969இல் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்ற கப்பல் இது. வயதான கப்பல்கள் பெரும்பாலும் பழைய இரும்புக்குத்தான் போகும். இதை மறு வருடமே கரையேற்றி அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பணியில் உள்ள கப்பல்களுக்குக் கொடி கட்டி அலங்கரிக்கும் மரியாதை இதற்கு இன்றும் உண்டு.

உள்ளே வழிகாட்டிகள் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள். பலகையை அப்புறம் படிக்கலாம், முதலில் அவர்களைப் பேச விடுங்கள். டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) ஏவும் குழாய்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை. சுமார் 75 பேர் இதற்குள் எப்படித்தான் இருந்தார்களோ!

நீளம் 91 மீட்டர் என்றாலும் நடைபாதை ஓர் ஆள் அகலம்தான். அறைக்கு அறை வட்டமான துவாரம், குனிந்து காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய பை வேண்டாம்.

டிக்கெட் மொத்தமாக எடுக்கிறோம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே பெயர் சொல்லிவிடுங்கள்.