குச்சா சௌத்ரி சந்தையில் கேமரா பார்த்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

டெல்லி சாந்தினி சௌக்கில், பெயரும் சொல்லாமல் பைசாவும் வாங்காமல் உதவிய தமிழ் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. நிறைய உழைத்த டிஎஸ்எல்ஆரில் வீடியோ மழுங்கலாக விழுந்தால் எங்கே தேடுவது என்று அவர் காட்டிய முறை பலருக்கும் உதவும்.

சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஆட்டத்தைக் குறைக்கும் லென்ஸ் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும். லென்ஸின் துவாரம் (அபெர்ச்சர்) எஃப் 5.6. பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, அசைக்காமல் ஒரு ஸ்டில், 10 விநாடி வீடியோ. ஸ்டில் கூர்மையாக இருந்து வீடியோ மட்டும் மங்கினால் லென்ஸ் மேல் குற்றமில்லை. பழைய மாடல்கள் பலவும் படம் பிடிக்கும் சென்சாரின் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தே 1080 வீடியோ செய்கின்றன. நுணுக்கம் அங்கேயே போய்விடும். இரண்டும் மங்கினால் முதலில் லென்ஸ் முன் மாட்டிய மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். பிறகு லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள்: வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸைப் பொருத்தும் மவுண்ட் திருகு தளர்ந்திருக்கலாம், லென்ஸின் உள்கண்ணாடி விலகியும் இருக்கலாம்.

இதற்காக, ஆட்டோஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வீடியோவில் கேமராவுக்குள் இருக்கும் மிரர் மேலே போய்விடுவதால், அது ஒளி அனுப்பும் ஃபோகஸ் சென்சாருக்கு வேலையே இல்லை. கடையில் இதை மறைக்காமல் சொல்ல நல்ல மனசு வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து துவாரத்தை எஃப் 22 வரை மூடினாலும் படம் மழுங்கும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 விநாடி. நம்மூர் 50 ஹெர்ட்ஸ் விளக்குக்கும் அது ஒத்துப்போகும்.

அண்ணா, ஃபில்டரைக் கழற்றியதுமே எழுத்தெல்லாம் தெளிந்துவிட்டது. ரொம்ப நன்றிண்ணா.