எதிர்வாதத்துக்கு முதல் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பற்றிய உங்கள் கட்டுரை அவர் எழுதிய முறையைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிது. அவருடைய 'இறையியல் தொகுப்பு' நூலில் முதலில் எதிர்த்தரப்பு வாதங்கள்தான் வரும். 'கடவுள் இருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டு, 'எல்லையற்ற நன்மையான கடவுள் இருந்தால் உலகில் தீமை எப்படி இருக்கும்?' என்ற வாதத்தை முன்வைக்கிறார். எழுதியவர் ஒரு துறவி! அப்புறம்தான் தன் பதில். இஸ்லாமியத் தத்துவஞானி இப்னு சீனாவின் நூல்களிலிருந்தும் யூதத் தத்துவஞானி மைமோனிடீஸின் நூல்களிலிருந்தும் தயங்காமல் கற்றார்.

1277இல் பாரிஸின் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) கண்டித்த 219 கருத்துகளில் அவருடைய போதனையை ஒட்டியவையும் உண்டு. 1323இல் அதே திருச்சபை அவரைப் புனிதராக்கியது. அந்த நூலின் ஒரு பகுதியையாவது தமிழில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திண்டுக்கல்