ஒரே அறை, மூன்று அரசியல்

ஆசிரியருக்கு,

கட்டாரில் ஆறு வருடம் உழைத்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருக்கிறேன். அங்கே எங்கள் அறையில் தெற்கிலுள்ள மாத்தறைப் பெடியன் ஒருவன், மட்டக்களப்பு அண்ணர் ஒருவர், நான். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தை இரவிரவாகக் கைபேசியில் பார்த்துக் கதைத்தபோதுதான், போர் முடிந்த 2009 மே மாதம் மாத்தறைப் பெடியனின் ஊரில் வெடி கொளுத்தியதையும் எங்கள் வீட்டில் அழுகை கேட்டதையும் முதல்தடவை முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டோம்; எனக்குச் சரியான கோபம், ஆனாலும் காலையில் தேத்தண்ணி போட்டுத் தந்தது அவன்தான். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், தெற்கைத் தளமாகக் கொண்ட ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் 3 ஆசனம் எடுத்தபோது அவனுக்குச் சந்தோசம், அண்ணருக்குக் கவலை. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லாததால் மூவருமே அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை. அடுத்த தேர்தலுக்காவது தூதரகங்களில் வாக்குப்பெட்டி வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை விடாமல் எழுத வேண்டும்.

கொக்குவில் வாசகர்