பெயர் சொல்ல விரும்பாத நடுவர் ஐயாவுக்கு நன்றி

மதுரையில் நடைபெற்ற பேஸ்பால் நடுவர் பயிற்சி முகாமில், வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகும் சித்திரை வெயிலில் நின்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூத்த நடுவர் ஐயாவுக்கு, அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைக் குறிப்பிடாமலேயே நன்றி தெரிவிக்கிறேன்.

மட்டையாளர் அருகே தரையில் பதித்திருக்கும், 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் என்னும் தட்டின் மேலே, சரியான வீச்சு கடக்க வேண்டிய ஸ்ட்ரைக் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை விதிநூல் சொல்லிவிடும். ஆனால் மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் எந்த உயரத்தில் நிற்பது, தலையை அசைக்காமல் கண்களால் மட்டும் பந்தைப் பின்தொடர்வது எப்படி, அது கையுறைக்குள் அடங்கிய பின்னும் ஒரு கணம் பொறுத்துத் தீர்ப்புச் சொல்வது ஏன் என்பதையெல்லாம் அவர்தான் அருகில் நின்று பொறுமையாகக் காட்டினார். பந்தை அடித்தவர் ஓடிச் சென்று தொட வேண்டிய முதல் தளமான முதல் பேஸில், ஓடி வருபவரின் கால் பேஸைத் தொடுவதைக் கண்ணாலும், பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதாலும் ஒருசேரக் கவனித்து, எது முந்தியது என்று கணிக்கும் முறையை அவர் விளக்கியது என் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. இத்தகைய நுட்பம் நேரில் கற்றாலன்றிக் கைவராது என்றே நம்புகிறேன்.

முகக்காப்பும் மார்புக்காப்பும் இல்லாமல் மேலூரிலிருந்து வந்த எனக்கு, அவர் தம்முடையவற்றையே தந்து பழகச் செய்தார். அடுத்த முகாமுக்கு எங்கள் பகுதியின் உடற்கல்வி ஆசிரியர்களையும் அழைத்து வருகிறேன், ஐயா.