வாடகை அறை வேண்டாம், அப்பா

மெல்பர்ன்,
27-4-2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நாங்கள் நால்வரும் இங்கே நலமாக இருக்கிறோம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சித்திரை வெயில் சேலத்தில் எப்படிக் காயும் என்பது எனக்குத் தெரியும்; வடகம் பிழிகிறேன் என்று அம்மா உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இங்கே இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. காலையில் பிள்ளைகளைக் குளிக்க எழுப்புவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது.

தைப்பொங்கலுக்கு நாங்கள் வருவதை முன்னிட்டு, பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று குளிர்சாதன அறை ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போவதாகவும், ஏற்காட்டிலும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்றும், போக வர ஒரு வேன் பேசிவிடலாம் என்றும் சென்ற ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். தொலைபேசியில் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நாலரை மணி நேர வித்தியாசத்தில் யாருக்காவது தூக்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அறையும் வேண்டாம், வேனும் வேண்டாம், அப்பா. காரணத்தைச் சொல்ல, நாங்கள் ஈஸ்டர் விடுமுறையில் சிட்னிக்குப் போய்வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முதல்முறையாக அங்கே ஆத்தூர்ப் பெரியப்பா மகள் அக்கா வீட்டுக்குப் போனபோது நான் ஒரு தவறு செய்தேன். அக்காவும் மாமாவும் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்தால் எட்டுப் பேராகிவிடுவோம், வேலைக்குப் போகிறவளுக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்து, அவள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு விடுதியில் அறை எடுத்துவிட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்து நாங்கள் கிளம்பியபோது அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மீதியிருந்த முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பல மாதங்கள் கழித்துத்தான், "சித்தப்பா ஆத்தூருக்கு வந்து லாட்ஜில் தங்கியிருந்தால் எங்கள் அப்பா தாங்கியிருப்பாரா?" என்று கேட்டாள். எனக்கு அன்று இரவு உறக்கமே வரவில்லை. உங்கள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் நீங்கள் துண்டை விரித்துப் படுத்திருந்ததையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

ஆகவே இந்த முறை அவள் வீட்டில்தான் தங்குவது என்று முடிவு செய்து, பெரிய வெள்ளியன்று அதிகாலை நான்கு மணிக்குக் காரில் கிளம்பினோம். மெல்பர்னிலிருந்து சிட்னி ஏறக்குறைய 880 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் விழுப்புரம் வரை போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹியூம் நெடுஞ்சாலை நெடுகிலும் இருவழிக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். ஆனால் ஈஸ்டர் நாட்களில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வேகம் மீறினால் ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் அபராதப் புள்ளிகள் இரண்டு மடங்கு என்பதால் உங்கள் மாப்பிள்ளை மிகவும் நிதானமாகவே ஓட்டினார்.

விடிந்து வெகுநேரம் கழித்து, இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடும் மர்ரே ஆற்றை ஆல்பரி என்ற ஊரில் கடந்தோம். அங்கே பக்கத்திலேயே ஹியூம் அணை இருக்கிறது. 1919-இல் கட்டத் தொடங்கி 1936-இல் முடித்திருக்கிறார்கள். மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது என்று ஆடிப் பெருக்குக்கு அழைத்துப்போகும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எங்களுக்குச் சொல்வீர்களே, அதைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னேன். ஒரே காலத்தில் இரண்டு ஆறுகளை மனிதர்கள் மறித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும், தாத்தா மேட்டூர் அணையைக் கட்டும்போது பார்த்தாரா என்று சின்னவன் கேட்டான். வந்ததும் நீங்களே அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு வந்த ஹோல்புரூக் என்ற சிற்றூரில், கடலே கண்ணுக்கெட்டாத இடத்தில், பூங்காவின் புல்வெளியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதியை நிறுத்தியிருக்கிறார்கள். சின்னவன் அதை விட்டு வர மறுத்துவிட்டான். மதியச் சாப்பாட்டை குண்டகை என்ற ஊரை ஒட்டி முடித்தோம். அந்தக் காலத்து மாட்டுவண்டிக்காரர்களின் சாப்பாட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து காவல் காக்கும் நாயின் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. 1932-இல் இந்த நாட்டுப் பிரதமரே வந்து திறந்துவைத்தது. அந்த நாய்க்கு எதிரே புல்லில் துண்டு விரித்து, நான் முந்தின இரவே கட்டிவைத்திருந்த புளிச்சோற்றையும், தயிர்ச்சோற்றையும், அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயின் கடைசிக் கரண்டியையும் சாப்பிட்டோம். கட்டுச்சோற்றுக்குக் காவல் இருக்கும் நாயைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு சாப்பிட்டதில் எனக்குச் சொல்ல முடியாத நிறைவு.

அங்கேதான் பெரியவள் ஒன்று கேட்டாள். "இந்த வழியில் நமக்கு யார் வீடும் இல்லையா, அம்மா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாம் சேலத்திலிருந்து கிழக்கே கிளம்பினால் வாழப்பாடியில் சின்னத் தாத்தா வீடு, ஆத்தூரில் பெரியப்பா வீடு, தலைவாசலில் அத்தை வீடு என்று, பேருந்து நிற்கும் ஊரிலெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஆள் இருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றாலும் உலையில் இன்னும் ஒரு படி அரிசி விழுந்தது. இங்கே 880 கிலோமீட்டரில் நமக்குத் தெரிந்த வாசற்படி ஒன்றுகூட இல்லை.

ஆனால் நான் நன்றியோடு எழுத வேண்டிய ஒன்று உண்டு. நீண்ட விடுமுறை நாட்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் களைத்து விபத்தில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காக, இந்த நாட்டுச் சாலையோரங்களில் தொண்டர்கள் கூடாரம் போட்டு, தேநீரும் காப்பியும் பிஸ்கட்டும் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லிப் பலகைகளும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில், அம்மாவின் வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மையார் பிள்ளைகளிடம் எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். ஆனால் 'பெரியம்மா வீட்டுக்கு' என்பதில் பெரியம்மா என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மையார் புரியாமல், அந்தச் சொல்லை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்து, பிறகு அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். அம்மாவுக்கு மூத்த அம்மா என்று என் மகள் விளக்கினாள். அவர் கூடுதலாக இரண்டு பிஸ்கட்டுகளை எடுத்து, பெரியம்மாவுக்குக் கொடு என்று தாளில் சுற்றிக் கொடுத்தார். அதை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து அக்காவிடம் சேர்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு, சிட்னியில் அக்கா இருக்கும் வென்ட்வொர்த்வில் போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கூடத்தில் நாற்காலிகளை எல்லாம் ஒதுக்கி, போர்வைகளை அடுக்கி, எட்டுப் பேருக்கும் தரையில் வரிசையாகப் படுக்கை விரித்திருந்தாள். யார் சுவரோரம், யார் நடுவில் என்று பிள்ளைகள் நால்வரும் அடித்துக்கொண்டார்கள். விளக்கை அணைத்த பிறகு அக்கா இருட்டில் ஏற்காட்டுக் கதையை எடுத்தாள். உங்களுக்கு நினைவிருக்கிறதா அப்பா? மே மாத விடுமுறையில் அக்காவும் நம்மோடு ஏற்காட்டுப் பெரியம்மா வீட்டுக்கு வருவாளே, அப்போது அடிவாரத்தில் நீங்கள் ஆளுக்கு இருபது புளியங்கொட்டையை எண்ணிக் கையில் கொடுப்பீர்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கொட்டையை வலப்பக்கப் பையிலிருந்து இடப்பக்கப் பைக்கு மாற்ற வேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது. வளைவில் தலை சுற்றி வாந்தி வராமல் இருக்கத்தான் அந்த உபாயம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. அக்காதான் சொன்னாள், நீங்கள் அவளிடம் மட்டும் அப்போதே சொல்லியிருக்கிறீர்கள்.

மறுநாள் எல்லோரும் பரமட்டாவில் ரயிலேறி, நீலமலைத் தொடரில் இருக்கும் கட்டூம்பாவுக்குப் போனோம். தைல மரக் காடுகளின்மேல் படியும் நீல நிறத்தால் அந்த மலைக்கு அப்படிப் பெயர். வீட்டில் புளியங்கொட்டை இல்லாததால் அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபது கொண்டைக்கடலையை எண்ணிக் கொடுத்தாள். பென்ரித் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒன்றாகப் பை மாற்றச் சொன்னாள். கட்டூம்பா வந்தபோது எல்லோர் பையிலும் கடலை மிஞ்சியிருந்தது. "ஏற்காட்டில் மிச்சமே இருக்காது, இருபதும் சரியாகப் போய்விடும்" என்று அக்கா சொல்ல, பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்று சகோதரிகள் என்ற பாறைகளை ஈஸ்டர் கூட்டத்துக்கு நடுவே பார்த்தோம். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மெல்பர்ன் திரும்பிய பிறகும் பெரியவளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பது அந்த மிஞ்சிய கொண்டைக்கடலைதான்.

இங்கே நாங்கள் மாதம் ஒருமுறை எங்காவது போகிறோம். டாண்டனாங் மலையில் பழைய நீராவி ரயிலில் போயிருக்கிறோம், கடற்கரைக்குப் போயிருக்கிறோம். பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான். மலை இறங்கினால், "இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போனால் என்ன" என்று கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

இங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி கடைசி வரைதான். அதனால் பிள்ளைகளுக்கு நம் ஊர் மாம்பழக் காலமும், கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையும் வாய்க்காது. இது எனக்குப் பெரிய குறைதான். ஆனால் ஜனவரியில் ஏற்காட்டில் காப்பி அறுவடை இருக்கும். களத்தில் காயும் காப்பியின் மணத்தையும், சிவந்த பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டால் வரும் அந்த இளம் இனிப்பையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆகையால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். சேலத்தில் நம் வீட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறோம். உங்கள் மாப்பிள்ளையும் பாயில் படுப்பதில் மகிழ்ச்சி என்று எழுதச் சொன்னார். பொங்கல் முடிந்ததும் ஆத்தூரில் ஓர் இரவு, தலைவாசலில் ஓர் இரவு. பிறகு அரசுப் பேருந்தில், அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் சமையல் வேலையை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையிலேயே அவர் அடுப்படிக்குப் போய்விடுவார். கம்பளிகளை மட்டும் டிசம்பரிலேயே வெயிலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

புளியங்கொட்டை நாற்பது எடுத்துக் கழுவிக் காயவைத்திருங்கள். விதைகளை இந்த நாட்டுக்குள் கொண்டுவர விமான நிலையத்தில் விடமாட்டார்கள். அதனால் திரும்பும்போது பிள்ளைகள் அவற்றை உங்களிடமே கொடுத்துவிட்டு வருவார்கள். உங்கள் மேசை இழுப்பறையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், அடுத்த பயணத்துக்காக இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. பெரியப்பாவிடம் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்